உப்புக் காற்றில் நிற்கும் கார்

அந்தமானில் சமையலறை உப்பு ஜாடியை யாரும் திறந்து வைப்பதில்லை. காலையில் பொலபொலவென்று கொட்டிய உப்பு மாலைக்குள் கசிந்து கட்டிதட்டிவிடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை உறிஞ்சத் தொடங்கும். 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில், ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் அந்த அளவை ஒட்டியோ அதற்கு மேலோதான் நிற்கிறது. கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரம்கூடத் தேவையில்லை. ஜாடிக்குள் நடப்பதுதான் வாசலில் நிற்கும் காரின் பேட்டரி டெர்மினலிலும், எர்த் வயரின் நட்டிலும், பின்விளக்கு ஹோல்டரிலும் நடக்கிறது. கடற்காற்று கொண்டுவந்து படியவிடும் உப்பு அங்கே காய்வதே இல்லை. உப்பும் ஈரமும் சேர்ந்த படலம் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். செம்பு பச்சைப் பூக்கும், ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி கட்டும், இரும்புக்கு என்ன ஆகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. செல்ஃப் எடுக்கவில்லை. குற்றவாளி யார்? மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பேட்டரியா, ஓடும்போது அதை நிரப்பும் ஆல்டர்னேட்டரா, இரண்டையும் சேர்க்கும் வயரும் நட்டும் எர்த்துமா? பெரும்பாலான ஒர்க் ஷாப்புகளில் சந்தேகம் இந்த வரிசையில்தான் போகிறது. பேட்டரியை மாற்று, சரியாகவில்லையா, ஆல்டர்னேட்டரை மாற்று, அதற்கும் மசியவில்லை என்றால் வயரிங்கைப் பார். தீவில் இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கே முதலில் பார்க்கவேண்டியது இணைப்பு. கண்ணாலும் கையாலும், சில நூறு ரூபாய் மல்டிமீட்டராலும் அதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிட முடியும்.

வரிசை தவறினால் இங்கே செலவு அதிகம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்துதான் உதிரிப்பாகங்கள் வருகின்றன. அமிலம் நிரம்பிய கார் பேட்டரியை விமானத்தில் பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர முடியாது, கப்பல்தான். கப்பலிலும் கிடங்கிலும் கடை அலமாரியிலும் அது காத்திருக்கும் காலமெல்லாம் தானாகவே சார்ஜை இழந்துகொண்டிருக்கும், வெப்பத்தில் இன்னும் வேகமாக இழக்கும். வாங்கும்போதே தயாரிப்பு மாதத்தைப் பார்த்து, கடைக்காரரை மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லவேண்டும். 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜ் ஏற்றிக்கொடுக்கச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை. ஆல்டர்னேட்டர் என்றால் பல மாடல்களுக்கு மெயின்லேண்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். அத்தனை நாளும் கார் நிற்கும். அப்படிக் காத்திருந்து வாங்கிப் பொருத்திய பிறகும் கோளாறு அப்படியே இருந்தால் மனம் எவ்வளவு நோகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன்.

என் கார் ஒரு மழைக்கால மாலையில் சாத்தம் துறையில், பம்பூஃப்ளாட் போகும் வாகனப் படகுக்கான வரிசையில் நின்றுவிட்டது. பின்னால் நின்றவர்கள் இறங்கி வந்து தள்ளினார்கள். மறுநாள் ஒரு ஒர்க் ஷாப்பில் பேட்டரி போய்விட்டது என்றார்கள், மாற்றினேன். மூன்று வாரத்தில் மறுபடி அதே 'டிக்'. இம்முறை காராச்சராமா பக்கம் இருக்கும் ஒரு வயதான எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தேன். ராமநாதபுரத்திலிருந்து வந்து இங்கேயே வேர்விட்ட குடும்பம். படகுகளுக்கும் லாரிகளுக்கும் வயரிங் செய்தே முடி நரைத்தவர்.

"அண்ணே, புது பேட்டரி. மூணு வாரம்கூட ஆகல" என்றேன்.

"பேட்டரிய விடுங்க தம்பி. எர்த்தப் பாத்தீங்களா?"

பேட்டரிக்கு அடியில் இருந்த தகரத் தட்டைக் கழற்றினார். மைனஸ் வயர் உடலோடு சேரும் இடத்தில் ஒரு போல்ட். மேலே பார்த்தால் ஒரு குறையும் இல்லை, இறுக்கமாகத்தான் இருந்தது. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் அதைத் திருகி எடுத்தபோது, வயர் முனையில் அழுத்திப் பொருத்தியிருந்த செம்பு லக்கின் அடிப்பக்கம் மயில்துத்தம் தடவியதுபோல் நீலப்பச்சையாக இருந்தது. லக்கை விரல்களுக்கு நடுவில் பிடித்து வயரைச் சற்று வளைத்தார். ரப்பர் உறைக்குள்ளிருந்து கறுப்புத் தூள் உதிர்ந்தது. அந்தத் தூள் ஒரு காலத்தில் செம்புக் கம்பி இழைகளாக இருந்தது. நாற்பது ஐம்பது இழைகளில் பளபளப்பாக மிஞ்சியவை ஏழோ எட்டோதான். நான் மாற்றிய பழைய பேட்டரியில் ஒரு குறையும் இருந்ததில்லை.

அந்த ஏழெட்டு இழைகள்தான் குற்றவாளி யார் என்ற கேள்வியின் மையம். மல்டிமீட்டரை வைத்தால் அந்த வயர் வழியாகவும் 12 வோல்ட் முழுதாகத் தெரியும். மீட்டர் இழுப்பது மிகச் சொற்பமான மின்னோட்டம், அதற்கு ஒரே ஓர் இழையும் போதும். செல்ஃப் மோட்டார் சிறிய காரிலேயே நூறு, நூற்றைம்பது ஆம்பியர் கேட்கும். மெல்லிய குழாயின் வாயைத் திறந்து பார்த்தால் தண்ணீர் வருகிறது, குடத்தை வைத்தால் நிரம்புவதில்லை, அதுபோலத்தான். கணக்கும் எளிது. நல்ல எர்த் வயரின் மின்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். 150 ஆம்பியர் பாயும்போது அதில் தொலையும் அழுத்தம் 0.15 வோல்ட். அரித்துப்போன வயரில் தடை 0.03 ஓம் ஆனால் 4.5 வோல்ட் அந்த வயரிலேயே சூடாகிப் போய்விடும், செல்ஃபுக்கு மிச்சம் இருப்பது ஏழெட்டு வோல்ட்தான். இந்த 0.03 ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. மீட்டரின் சொந்த வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. வயரின் இரு முனையில் ஓம் பார்த்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்வது இதனால்தான் தப்பாகிறது.

சரியான சோதனை, வேலை நடக்கும்போதே அழுத்தம் எங்கே தொலைகிறது என்று பார்ப்பது. மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயத் தண்டின் மேலேயே குத்துங்கள், அதன் மேல் மாட்டியிருக்கும் கிளாம்பில் வைக்கக்கூடாது. சிவப்பு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் அழுத்திப் பிடியுங்கள். ஃபேனும் பெல்ட்டும் சுற்றும் இடத்திலிருந்து கையும் வயரும் தள்ளி இருக்கட்டும். வீட்டில் ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும் அந்த இரண்டு நொடியில் மீட்டர் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நலம். ஒன்று, இரண்டு என்று ஏறினால் கோளாறு கையில் அகப்பட்டுவிட்டது. பின்பு முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினால், தண்டுக்கும் கிளாம்புக்கும் நடுவிலா, லக்கிலா, பாடியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பின்னல் பட்டையிலா என்று தெரிந்துவிடும். பிளஸ் பக்கமும் இதே முறைதான்: தண்டிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய நட்டு வரை அரை வோல்ட்டுக்கு மேல் தொலையக்கூடாது.

எர்த் கெட்ட காரில் விநோதமான அறிகுறிகள் வரும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் மஞ்சளாக இருக்கும். இன்ஜின் எர்த் பட்டை அறுந்துவிட்டால், மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ கியர் கேபிள் வழியாகவோ திரும்ப வழி தேடும், கேபிள் கைவைக்க முடியாத அளவு சுடும். இவற்றை ஒவ்வொன்றாக பல்பு மாற்றியும் சுவிட்ச் மாற்றியும் துரத்தினால் பணம்தான் கரையும். ஒரு போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து மாட்டினால் பல சமயம் எல்லாமே ஒன்றாகச் சரியாகிவிடுகிறது.

இதையெல்லாம் மீறிப் பழி ஏன் பேட்டரி மேலேயே விழுகிறது? பழைய பழக்கம் ஒரு காரணம். 1912-இல் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. காரில் பெரிய பேட்டரிக்கு நிலையான இடம் கிடைத்தது அதற்குப் பிறகுதான். அதை நிரப்ப டைனமோ இருந்தது. நம் ஊர் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் நெடுங்காலம் டைனமோவில்தான் ஓடின. அது கொடுத்தது இருபது ஆம்பியர் அளவுதான், இன்ஜின் ஐடிலில் நின்றால் அதுவும் இல்லை. அதனால் அந்தக் காலத்து பேட்டரி எப்போதும் அரைப்பட்டினியில் இருந்தது, சீக்கிரம் செத்தது. சிலிக்கான் டயோடு மலிவான பிறகே ஆல்டர்னேட்டர் காருக்குள் நுழைய முடிந்தது. அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் 1960-இல் வேலியன்ட் காரில் அதைக் கொண்டுவந்தது. சென்னை பாடியில் 1960-களின் தொடக்கத்தில் எழுந்த லூகாஸ் டிவிஎஸ் ஆலையின் பெயர் பொறித்த ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றி மாட்டாத மெக்கானிக் தமிழ்நாட்டில் இருக்கமாட்டார். ஆல்டர்னேட்டர் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் அதை டைனமோ என்றே சொல்கிறோம். பெயர் தங்குவதால் ஒன்றும் கெட்டுப்போகாது. டைனமோ காலத்துச் சோதனை தங்கிவிட்டதுதான் ஆபத்து.

அந்தச் சோதனை இதுதான்: இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பது. ஓடினால் டைனமோ நலம், அணைந்தால் கெட்டது. இன்றும் இதைச் செய்பவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து யாரையும் இதைச் செய்ய விடாதீர்கள். ஆல்டர்னேட்டர் வேகமாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் பேட்டரியைத் துண்டித்தால், ஒரு கணத்தில் வயரிங்கில் எண்பது வோல்ட்டுக்கு மேலும் எகிறக்கூடும். பேட்டரிதான் அந்த எழுச்சியை வாங்கித் தாங்கும் மெத்தை. அது இல்லாதபோது அடி டயோடுக்கும் இசியூவுக்கும் விழும். இசியூ எனப்படும், இன்ஜினை ஆளும் அந்தச் சிறு கணினிப் பெட்டியின் விலை பல பேட்டரிகளுக்குச் சமம், அதுவும் கப்பலில்தான் வரவேண்டும்.

ஆல்டர்னேட்டரைச் சோதிக்க அதைவிட எளிய, பாதுகாப்பான வழி இருக்கிறது. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் எதையும் இயக்குவதற்கு முன் பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.4 முக்கால், 12.2 பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. கார் ஓடி நின்ற உடனே பார்த்தால் கணக்குக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். அடுத்து, செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், நிறைந்த பேட்டரியாக இருந்தும் அப்படி விழுந்தால், அந்த பேட்டரி முடிந்தது என்று நம்பலாம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். ஹெட்லைட், வைப்பர், ஏசி ஃபேன் எல்லாம் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபோதும் 13.5-க்கு மேல் நின்றால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டது, பேட்டரி கொதித்து அமிலம் கக்கும். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அதே முனைகளில் பார்க்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு ஒன்று போயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

சார்ஜ் ஏறவில்லை என்றாலும் உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்றவேண்டாம். முதலில் பெல்ட். மழைக்கால விடியலில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சிட்டு அடங்கினால், நனைந்தோ தளர்ந்தோ வழுக்குகிறது. பல கார்களில் அதே பெல்ட் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது, அறுந்தால் உடனே இன்ஜினை அணைக்கவேண்டும். அடுத்து, ஆல்டர்னேட்டரின் பின்னால் பி பிளஸ் என்ற தடித்த வயரின் நட்டு. லோடு போட்டு ஓடும்போது அந்த நட்டுக்கும் பேட்டரியின் பிளஸ் தண்டுக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால், ஆல்டர்னேட்டர் நன்றாகவே உழைக்கிறது, வழியில்தான் கொள்ளை போகிறது. அந்த வழியில் ஒரு பெரிய ஃபியூஸும் உண்டு, அதன் முனைகளும் பச்சை கட்டும். பிறகு டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு. பலரும் அதை பேட்டரி விளக்கு என்று நினைக்கிறார்கள், அது ஆல்டர்னேட்டர் விளக்கு. சாவியைப் போட்டதும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணையவேண்டும். சாவியைப் போட்டும் எரியவில்லை என்பதும் கோளாறுதான். பல பழைய கார்களில் அந்த பல்பு வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. பல்பு போனாலோ அதன் மெல்லிய வயர் முனை அரித்தாலோ ஆல்டர்னேட்டர் தூங்கியே கிடக்கும்.

2020-க்குப் பிந்தைய பிஎஸ்-6 கார் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன 14 வோல்ட் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. இவற்றில் பலவற்றில் எவ்வளவு சார்ஜ் ஏற்றுவது என்பதை இசியூ தீர்மானிக்கிறது. எரிபொருள் மிச்சம் பிடிக்க பேட்டரி நிறைந்திருக்கும்போது 12.8 அளவுக்கு இறக்கிவிடும், பிரேக் பிடிக்கும்போது 14.8 வரை ஏற்றும். 2015-இல் மாருதி சியாஸில் வந்த எஸ்ஹெச்விஎஸ் என்ற மைல்ட் ஹைப்ரிட் போன்ற ஏற்பாடுகளிலிருந்தே இந்தப் போக்கு நம் சாலைகளில் பரவிவிட்டது. ஹெட்லைட்டைப் போட்டதும் வோல்ட் மேலே ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும். மைனஸ் முனையில் ஒரு சிறு சென்சார் மாட்டியிருந்தால் அதைத் தாண்டி, தண்டிலேயே நேராக வேறு எர்த் வயர்களைச் செருகாதீர்கள், கணக்கு குழம்பிவிடும். மின்சாரக் கார்களிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. அங்கே ஆல்டர்னேட்டர் இல்லை, பெரிய பேட்டரியிலிருந்து இறக்கிக் கொடுக்கும் கன்வெர்ட்டர் இருக்கிறது. 12 வோல்ட் முனைகளைச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடக்கூடாது, அதில் உயிர்போகும் அழுத்தம் இருக்கிறது.

இனி, தீவுக்கே உரிய இரண்டு காரணங்கள். ஒன்று, நம் ஓட்டம். அபர்தீன் பஜார், ஜங்லிகாட், டெலானிபூர் என்று எங்கே போனாலும் பத்து நிமிடம். ஸ்டார்ட் செய்வதற்கு பேட்டரி இழப்பது உண்மையில் மிகக் குறைவு, ஓரிரு நிமிட ஓட்டத்தில் திரும்பிவிடும். ஆனால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் போய்விடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, சென்னையைப்போல இரண்டு மடங்கு. ஹெட்லைட், வைப்பர், கண்ணாடி ஆவியைப் போக்க ஏசி, எல்லாம் ஒன்றாக ஓட, கார் ஐடிலில் ஊர்கிறது. மிச்சமாகும் கொஞ்சம் மின்சாரத்தில் பேட்டரி ஒருபோதும் நிறைவதில்லை. குறைந்தே கிடக்கும் பேட்டரித் தட்டுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கொள்ளாது. முக்கால் நிறைந்த பேட்டரியின் கடைசிக் கால் பங்கு ஏற மணிக்கணக்காகும், அது பஜார் ஓட்டத்தில் நடக்காது. மாதம் ஒருமுறை வீட்டு சார்ஜரில், 35 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் மூன்று, மூன்றரை ஆம்பியரில் இரவு முழுக்க ஏற்றுவது நல்ல வைத்தியம். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும், அந்த நேரத்தில் ஹைட்ரஜன் வெளிவரும், பீடி சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது. அடியோடு காலியான பேட்டரியை ஜம்ப் ஸ்டார்ட் செய்துவிட்டு ஆல்டர்னேட்டரே நிரப்பட்டும் என்று விடுவதும் தவறு. மணிக்கணக்கில் உச்சத்தில் உழைத்து அது சூடாகும், அடுத்துக் கெடுவது அதுவாக இருக்கும்.

இரண்டு, நம் ஊர்ப் பயணம். கல்யாணம், வைத்தியம், திருவிழா என்று மெயின்லேண்ட் போனால் ஒரு மாதம் ஆகிவிடுகிறது. திரும்பி வந்தால் கார் அசையாது. 'பேட்டரி செத்துடுச்சு' என்று மாற்றிவிடுகிறார்கள். கணக்குப் பாருங்கள்: நல்ல காரும் நிறுத்தியிருக்கும்போது கடிகாரம், அலாரம், இசியூ நினைவு என்று 20 முதல் 50 மில்லி ஆம்பியர் குடிக்கும். 40 என்று வைத்தால் நாளைக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர்-அவர், முப்பது நாளில் 29. முப்பத்தைந்தில் என்ன மிஞ்சும்? இதில் யார்மீதும் குற்றமில்லை. கப்பலோ விமானமோ ஏறுவதற்கு முன் மைனஸ் வயரைக் கழற்றி, முனை தொடாதபடி துணி சுற்றி வைத்துவிட்டுப் போனால் போதும். மியூசிக் சிஸ்டத்துக்கு ரகசிய எண் இருந்தால் முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் தேவையில்லை, மூன்று நாளிலேயே இறங்கிவிடுகிறது என்றால் எங்கோ கசிவு. மீட்டரை ஆம்பியருக்கு மாற்றி மைனஸ் வயரின் நடுவில் செருகும் முறை உண்டு. அதை மறந்து யாராவது சாவியைத் திருப்பினால் மீட்டர் ஃபியூஸ் போய்விடும். எனக்குப் பிடித்தது வேறு முறை. காரைப் பூட்டிய நிலையில், பானெட்டையும் ஃபியூஸ் பெட்டியையும் மட்டும் திறந்து வைத்து, உள்ளே இருக்கும் எல்லாம் உறங்க முக்கால் மணி நேரம் கொடுக்கவேண்டும். பிறகு மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொட்டுப் பார்க்கவேண்டும். பூஜ்யம் என்றால் அந்த வழியில் ஓட்டமில்லை. எதில் எண் நிற்கிறதோ அந்த வழியில்தான் கசிவு. பெரும்பாலும் அகப்படுவது அணையாத டிக்கி பல்பு, பின்னால் சேர்த்த டேஷ் கேமரா, மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ். எதுவும் அகப்படவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் டயோடு வழியாகத் திரும்பிக் கசிகிறதா என்று பார்க்கவேண்டும்.

கார் வாங்கிய பின் சேர்க்கும் சாமான்களைப்பற்றி எனக்கு வருத்தம் உண்டு. ஃபாக் லைட்டுக்காக நல்ல வயரின் ரப்பரைச் சீவி, இன்னொரு வயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுகிறார்கள். மெயின்லேண்டில் அது சில வருடம் தாங்கும். இங்கே ஒரு மழைக்காலத்தில் டேப்பின் பசை இளகிவிடும், சீவிய இடத்தில் உப்பு நுழையும். செம்பு இழைகளுக்கு நடுவே ஈரம் திரிபோல ஏறி, ஓரடி தள்ளி உள்ள வயரையும் கறுக்கவைக்கும். வயர் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் சரியான அளவு லக்கையோ இணைப்புக் குழலையோ கிரிம்பிங் கருவியால் அழுத்தி, உள்ளே பசையுள்ள, சூடு காட்டினால் சுருங்கும் உறையைப் போடவேண்டும். ஜங்லிகாட் துறையில் படகு வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள், வெள்ளீயம் பூசிய செம்பு வயரின் அருமையை அவர்கள் சொல்வார்கள். வெள்ளியாகத் தெரியும் அந்த வயர் சற்று விலை கூடுதல், உப்பில் நீண்டகாலம் நிற்கும். என் காரின் எர்த் வயரை அந்த எலக்ட்ரீஷியன் அப்படிப்பட்ட வயரில்தான் போட்டுக்கொடுத்தார்.

சுத்தம் செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மோதிரம், வளையல், காப்பு கழற்றிவிடுங்கள், பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவே அவை பட்டால் விரலே வெந்துவிடும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் கழன்ற பிறகு ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. வெள்ளைப் பொடியின் மேல் வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவை ஊற்றினால் நுரைத்து அடங்கும், பேட்டரி மூடித் துளைகளுக்குள் மட்டும் போகக்கூடாது. நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, தண்டையும் கிளாம்பின் உட்பக்கத்தையும் உப்புத்தாளால் ஈயம் மின்னும்வரை தேய்க்கவேண்டும். கிரீஸை முதலில் தடவவேண்டுமா, பிறகா என்று இரு கட்சி உண்டு. நான் இரண்டாவது கட்சி. உலோகம் உலோகத்தோடு இறுகிய பிறகு, வெளிப்புறம் முழுக்க வாஸலின் பூசிக் காற்றை அடைக்கவேண்டும். மூடி திறக்கும் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். தீவில் மழைநீர் சுத்தமானது என்று சிலர் ஊற்றுகிறார்கள். கடலோர மழையில் உப்பு கலந்திருக்கும், கூரையில் வழிந்ததில் அதைவிட அதிகம்.

எங்கே நிறுத்திக்கொள்வது? டயோடு, ரெகுலேட்டர், கார்பன் பிரஷ், பேரிங் ஆகியவை கடை வேலை. அங்கேயும் முழு ஆல்டர்னேட்டரை மாற்றுவதற்கு முன், பழையதைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல சமயம் தேய்ந்த பிரஷ் மட்டும்தான் காரணம். கப்பலுக்குக் காத்திருப்பதைவிட அரை நாள் ரிப்பேர் மேல். வீங்கிய, வெடித்த, அழுகிய முட்டை வாடை வீசும் பேட்டரியை வீட்டில் தொடவேண்டாம்.

திக்லிபூர் வரை அந்தமான் டிரங்க் ரோட்டில் போகிறவர்கள் முந்தின நாளே மீட்டரை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா பழங்குடிக் காப்பகத்துக்குள் வாகனங்கள் காவலோடு வரிசையாகப் போகும், இடையில் நிற்க அனுமதி இல்லை. பாராடாங் போகும் வாகனப் படகில் இன்ஜினை அணைத்துவிட்டு அக்கரையில் மறுபடி ஸ்டார்ட் செய்யவேண்டும். பின்னால் பேருந்தும் லாரியும் காத்துநிற்கும்.

உண்மையிலேயே பேட்டரி முடிந்துபோனால், பழையதை வீட்டுப் பின்புறம் போட்டுவைக்காதீர்கள், அமிலத்தை மண்ணில் கொட்டாதீர்கள். இங்கே கிணறும் ஓடையும் கடலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன, ஈயம் அவற்றில் கலந்தால் எடுக்க முடியாது. 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது மறுசுழற்சிக்குத் திரும்பவேண்டிய பொருள். புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள், அது வந்த வழியே கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போகும். கொடுப்பதற்கு முன் மைனஸ் வயரின் மறுமுனையை, அந்தத் தகரத் தட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டை, ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.